பதுவைக்குப் போன மன்றாட்டு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. டிக்கெட்டுல என்ன நம்பர் போட்டிருந்தாலும் பரவாயில்ல. அது என் வீட்டுக்காரி சீட்டு. அவ வரமாட்டா. அன்னா, நாலு வரிசை தள்ளி சன்னலோரமா ஒருத்தி முக்காடு போட்டு உக்காந்திருக்கால்ல, அவதான். பதுவையில ரயில் ஏறுனதும் என் கையத் தட்டிவிட்டுட்டு, ஒவ்வொரு சீட்டாத் தடவிக்கிட்டே போயி அங்க உக்காந்துட்டா. டிக்கெட் பாக்குறவரு வந்து என்னமோ கேட்டாரு. இவ திரும்பவே இல்ல. அவரும் நமக்கெதுக்குன்னு போயிட்டாரு.

நீங்க ஏறுறப்பவே போன்ல ‘சாப்பிட்டாச்சா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா’ன்னு கேட்டீங்க பாருங்க, எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. மத்தியானத்துல இருந்து தமிழ் பேச ஆளில்ல. அவ இருக்கா, ஆனா அவ பேசமாட்டா. இப்ப நீங்க ஏறுன விசென்சா ஊருல என்ன வேலை? தோல் பாக்டரியா? நல்லது. கை காலு பத்திரம். நா சூசை மச்சாது, தூத்துக்குடி. துறைமுக ஆபீசுல முப்பத்தோரு வருசம். ஹெட் கிளார்க்கா ரிட்டயர் ஆனேன். அவ பேரு அமலோற்பவம். எங்க மக ஜெசிந்தா மிலான்ல நர்சா இருக்கா. அவளப் பாக்கத்தான் வந்தோம். வந்த இடத்துல இன்னைக்கு ஒரு நாள் பதுவைக்குப் போயிட்டு வாறோம். கோடி அற்புதர் அந்தோனியார் அடங்கியிருக்க ஊரு. செவ்வாக்கிழமையாப் பாத்துத்தான் போனோம்.

சண்டையான்னு கேக்குதீங்க. சண்டைன்னா ரெண்டு பேரு பேசணும்லா.

சொல்லுதேன், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. மிலான் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. அவளுக்குக் கண்ணு தெரியாது, பாத்துக்கிடுங்க. சுகர்ல போச்சு, எட்டு வருசம். வெளிச்சம் தெரியும், ஆளு நிக்கது நெழலாத் தெரியும், அவ்வளவுதான். இந்த எட்டு வருசமும் அவ கண்ணு யாரு? நான். மாத்திரை எடுத்துக் குடுக்கது நான், மீன்ல முள்ளு எடுத்தது நான். அதுவும் ஒரு வருசந்தான், அப்புறம் அவ மீனையே விட்டுட்டா. கடக்கரையில பொறந்து வளந்தவ, ஏழு வருசமா மீனு வாயில வைக்கல. அது எதுக்குன்னு பொறவு சொல்லுதேன்.

காலையில பதுவையில இறங்கினோம். ஊரு பழைய ஊரு. தெரு பூரா மேல வளைவு வளைவா மண்டபம், மழ பேஞ்சாலும் நனையாமப் போலாம். மருமகன் கம்ப்யூட்டர்ல டிக்கெட் எடுத்துக் குடுத்திருந்தாரு, ஒரு பழைய கோயிலு, சுவரு பூரா எழுநூறு வருசத்துப் படம். பதினஞ்சு நிமிசந்தான் உள்ள விடுவாங்க. இவ சுவரப் பாத்துக்கிட்டு நிக்கா. “என்ன படம் இருக்கு?”ன்னு கேட்டா. “சாமி படம்”னேன். “எந்த சாமி, என்ன செய்யுதாவ?”ன்னு கேட்டா. ஆயிரம் படம் இருக்கு தம்பி, ஒண்ணொண்ணா எப்படிச் சொல்ல? “மாதா இருக்காவ, ஆண்டவரு இருக்காரு, எல்லாரும் இருக்காவ”ன்னுட்டேன். அவளும் சரின்னு நெத்தியில சிலுவ போட்டுக்கிட்டா. அவளுக்கு நா சொன்னாப் போதும். நா சொல்லுததத்தான் அவ பாப்பா.

அங்கிருந்து பெரிய கோயிலுக்கு. ஏழெட்டுக் கும்மட்டம், முன்னால புறா. உள்ள அந்தோனியார் நாக்க வச்சிருக்காவ, தெரியுமா? அழியாத நாக்கு. அவரு செத்து எண்ணூறு வருசம் ஆகப்போகுது, கண்ணாடிக்குள்ள இன்னும் இருக்கு. பொய் சொல்லாத நாக்கும்பாவ. “எப்படி இருக்கு?”ன்னு இவ கேட்டா. உண்மையச் சொன்னா கருத்துப் போயி இத்துனூண்டுதான் இருக்கு. நா, “செவப்பா, இப்பத்தான் பேசி முடிச்ச மாதிரி இருக்கு”ன்னேன். அவளுக்கு ஒரே சந்தோசம். அதுல என்ன பாவம், சொல்லுங்க. அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவளுக்கு ஒரு நல்ல வார்த்த.

இப்ப விசயத்துக்கு வாறேன். எங்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். இருக்கான்னு சொல்லணுமோ என்னமோ. இஞ்ஞாசி. சாமியாருக்குப் படிச்சான். பன்னெண்டு வருசம் செமினரியில. குருப்பட்டத்துக்கு நாள் குறிச்சாச்சு தம்பி. பத்திரிக ஆயிரத்தைநூறு அடிச்சுப் பாதி குடுத்தாச்சு. தெருவுல கொடி கட்டியாச்சு, ஊருக்கே சாப்பாடு போட அசனத்துக்கு அரிசி வந்து எறங்கியாச்சு. என்னை ஆபீசுல, மார்க்கெட்டுல, எங்க பாத்தாலும் ‘சாமியாரப்பா’ன்னுதான் கூப்பிடுவாவ. இன்னும் பதினெட்டு நாளு. காலையில பதினொரு மணிக்குப் பெட்டியோட வாசல்ல வந்து நிக்கான். “எனக்கு தேவ அழைத்தல் இல்லப்பா. பொய்யாப் பலிபீடத்துல நிக்க முடியாது”ங்கான். இதச் சொல்ல பன்னெண்டு வருசமால எடுத்துச்சு உனக்குன்னு கேட்டேன். “படி ஏறாத. உங்கம்மா வர்றதுக்குள்ள போயிரு”ன்னேன். அவ அப்ப வீட்டுல இல்ல. அவன் குருப்பட்டத்துக்குக் கட்டத்தான் சேல எடுக்கப் போயிருந்தா. அரை மணி நேரம் முந்தி வந்திருந்தா பாத்திருப்பா.

வந்து கேட்டா. “செமினரியவிட்டு ஓடிட்டானாம். எங்க போனான்னு தெரியல”ன்னேன். நா ஒண்ணும் கெட்ட எண்ணத்துல சொல்லல. நாந்தான் போகச் சொன்னேன்னு தெரிஞ்சா அவ அந்தச் சேலையோட தெருவுல இறங்கித் தேடப் போயிருவா. ஏற்கெனவே ஊரு சிரிக்குது. வீட்டு போன் கனெக்சனையும் அப்பவே எடுத்தாச்சு. யாரு யாரோ துக்கம் கேக்க மாதிரி போன் பண்ணிக்கிட்டு இருந்தாவ.

ஒரு கூத்தக் கேளுங்க. எங்க பக்கம் பொம்பளைங்க புருசன் பேரச் சொல்லமாட்டாங்க. இவளும் மூத்த பிள்ளை பேர வச்சு ‘இஞ்ஞாசியப்பா’ன்னுதான் கூப்பிடுவா. அந்தப் பேரு இந்த வீட்டுல வேண்டாம், இனிமே ‘ஜெசியப்பா’ன்னு கூப்பிடுன்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு. சரிம்பா. மறு நிமிசம், “இஞ்ஞாசியப்பா, கதவச் சாத்துங்க.” பதினொரு வருசமா இதான். பிடிவாதக்காரி.

எங்க ஊருல அந்தோனியார் கோயில்ல செவ்வாக்கிழமை நவநாள். பெட்டி வச்சிருப்பாவ, நம்ம வேண்டுதல ஒரு தாள்ல எழுதிப் போடணும். மன்றாட்டுன்னு சொல்லுவோம். அதுல சிலத எடுத்து சாமியாரு மைக்குல வாசிப்பாரு, எல்லாரும் சேந்து ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ம்பாவ. அந்தோனியாரு காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கவரு. கண்ணு இருந்த வரைக்கும் இவளே எழுதிப் போட்டா. என்ன எழுதுவான்னு சொல்லணுமா? கண்ணு போனப்புறம் நா எழுதுனேன். எழுத்து வேலையில எனக்கு ஆபீசுல நல்ல பேரு. கலெக்டருக்கு மனு எழுதணும்னாக்கூட ‘மச்சாது சார், நீங்க ஒரு டிராப்ட் போட்டுக் குடுங்க’ன்னு வருவாவ.

இவ சொல்லுவா: “அந்தோனியாரே, என் மகன் இஞ்ஞாசி எங்க இருந்தாலும் அவன் கால இந்த வீட்டுப் பக்கம் திருப்பும்.” நா எழுதுவேன். என்ன எழுதுவேன்? அத எப்படி தம்பி எழுத? மைக்குல வாசிச்சா என்ன ஆகும்? எங்க பங்குக் கோயில் சனம் பூரா முன்னால உக்காந்திருக்கு. சாமியாராகுறேன்னு சொல்லி ஓடிப்போனவன் பேர வாராவாரம் ஊரு நடுவுல வாசிக்கணுமா? நா வேற எழுதுனேன். ஜெசிந்தாவுக்கு நல்ல மாப்பிள்ளை. எழுதுனேன், கெடச்சுது. அவளுக்கு இத்தாலியில வேல. கெடச்சுது. எனக்குக் குடலிறக்கம் ஆபரேசன் நல்லபடியா முடியணும். முடிஞ்சுது. மாடி ஒழுகுறதுக்குக்கூட ஒரு தடவ எழுதுனேன். நா எழுதுன ஒண்ணக்கூட அவரு தட்டல தம்பி! அந்தோனியாரு மாதிரி ஒரு ஆபீசர நா பாத்ததில்ல.

இவளுக்குத்தான் புரியல. “எல்லாருக்கும் குடுக்காரு, ஜெசிக்கு எல்லாம் நடக்குது, நா கேக்கது மட்டும் ஏன் நடக்க மாட்டேங்குது”ன்னு கேப்பா. அப்புறம் அவளாவே ஒரு முடிவுக்கு வந்துட்டா, தன் பாவந்தான் தடுக்குதுன்னு. அப்பத்தான் மீன விட்டா. வெயில்ல செருப்பில்லாம கோயிலுக்குப் போனா, சுகரு உள்ள காலு. நா தடுத்தேன். கேக்கல. நா என்ன செய்ய?

நடுவுல கடுதாசி வந்துச்சு. மூணு. மூணுமே அவளுக்குக் கண்ணு போனப்புறம் வந்துச்சு, அவன் அம்மாவுக்குத்தான் எழுதியிருந்தான். சூரத்துன்னு ஞாபகம். சூரத்தா, இல்ல அதுக்குப் பக்கத்து ஊரா, குஜராத்துதான். துணி மில்லுல கணக்கெழுதுறேன்னு முதக் கடுதாசி. ரெண்டாவது, கால்ல அடிபட்டுருச்சு, இப்ப பரவாயில்லன்னு. மூணாவது வந்து மூணு வருசம் ஆச்சு. “நீங்க வான்னு ஒரு வரி போட்டாப் போதும், வந்து பாத்துட்டு அன்னைக்கே போயிருவேன். பதில் வரலன்னா, உங்களுக்கு விருப்பமில்லன்னு எடுத்துக்கிட்டு இனி தொந்தரவு குடுக்க மாட்டேன். இந்த அறையையும் மாசக் கடைசியில காலி பண்ணுதேன்.” இப்படி எழுதியிருந்தான்.

படிச்சேன். மூணையும் பின்கட்டுல தென்னம் மட்டையோட போட்டுக் கொளுத்திட்டேன்.

நீங்க ஏன் இப்படிப் பாக்குதீங்க? எனக்கும் அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. பெத்தவன்தான் நானும். ஆனா அவன் வந்தா மொதல்ல என்ன சொல்லுவான்? அப்பா என்னப் போகச் சொன்னாருன்னு சொல்லுவான். அப்புறம் நா இந்த வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க? ஜெசி கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தா, அகப்படல. அவகிட்டயும் நா இந்தக் கடுதாசியப் பத்திச் சொல்லல.

சரி, இன்னைக்குக் கதை. கல்லறையச் சுத்திப் பின்பக்கமா வரிசை போகுது. சனங்க அந்தக் கல்லுல கைய வச்சு நிக்காவ, போட்டோ வைக்காவ, கடுதாசி வைக்காவ. இவ வரிசையில நிக்குமுன்னால ஒரு பெஞ்சுல உக்காந்து, “எழுதுங்க. ஊர்ப் பெட்டியில போட்டது போதும். இது அவரு வீடு. இங்க சொன்னா காதுல விழாமப் போகாது”ன்னா. பைக்குள்ள இருந்து அவளே தாள எடுத்துக் குடுத்தா, ஜெசிகிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கா. அதே வார்த்ததான் சொன்னா. “என் மகன் இஞ்ஞாசி எங்க இருந்தாலும்.”

இங்க யாரு தம்பி மைக்குல வாசிக்கப்போறா? ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. எழுதியிருக்கலாம். சத்தியமாச் சொல்லுதேன், எழுதத்தான் பேனாவத் தொறந்தேன். கை எழுதல. எட்டு வருசப் பழக்கம், பேனா தாள்ல பட்டதும் அது பாட்டுக்குப் போவுது. “எங்கள் மகள் ஜெசிந்தாவுக்கு மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தைப் பேறு இல்லாததால்”னு எழுதிட்டு இருக்கேன். நல்ல வேண்டுதல்தான? ஒரு மனுவுல ஒரு கோரிக்கதான் இருக்கணும். ரெண்டு கேட்டா ரெண்டும் போயிரும்.

அந்த நேரம் பாத்து ஒரு சிஸ்டர் வந்தாவ. நம்ம சனம், திண்டுக்கல் பக்கம். எங்க பேச்சக் கேட்டுட்டு வந்து, “தமிழா? குடுங்க ஐயா, நா இத்தாலியில மாத்தி எழுதித் தாறேன், இங்க உள்ள சாமியாரு பூசையில வச்சு வேண்டுவாரு”ன்னு தாளக் கையில வாங்கிட்டாவ. நா மடிக்கக்கூட இல்ல. நல்ல மனசு, சத்தமா வாசிச்சாவ. இவ கை ரெண்டையும் கூப்பிக்கிட்டு கேக்கா. வாசிச்சு முடிஞ்சுது.

“இஞ்ஞாசி பேரு எங்க சிஸ்டர்?”

“எந்தப் பேரும்மா?”

“என் மகன். அவன் பேரு அதுல இருக்கும். இன்னொருக்க வாசிங்க.”

அவங்க மறுபடியும் வாசிச்சாவ. முதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஒவ்வொரு வார்த்தையா. “அந்தப் பேரு இதுல இல்லையேம்மா”ன்னாவ. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாவ. தாள என் கையில குடுத்துட்டு, “நீங்க பேசுங்க, நா பொறவு வாறேன்”னு போயிட்டாவ.

நா, “அமலு, ஜெசிக்கும் அவசியந்தான”ன்னேன். அவ அதக் கேக்கல. “எத்தன செவ்வாக்கிழம?”ன்னா. அந்தக் கோயில்ல, அந்த நாக்குக்கு முன்னால வச்சுப் பொய் சொல்ல வாய் வரல. “எல்லாந்தான்”னேன். மடியில கைய வச்சு விரல மடக்கி மடக்கி விரிச்சா. அழுவான்னு பாத்தேன், அழல. “அப்ப அவரு என்னத் தட்டல. நா கேக்கவே இல்ல”ன்னா. அத எங்கிட்டச் சொன்ன மாதிரியே இல்ல.

அடுத்தாப்புல கேட்டா பாருங்க, “அவன் கடுதாசி போட்டானா?”ன்னு. யாரும் அவளுக்குச் சொன்னதில்ல. எப்படித்தான் தோணுச்சோ. “போட்டான், மூணு”ன்னேன். உண்மையச் சொல்லணும்னு ஆரம்பிச்சாச்சுல்லா. சட்டுன்னு என் கையப் பிடிச்சா. நா அடிக்கப் போறான்னு நெனச்சேன். “வெளாசம் இருக்கா? இஞ்ஞாசியப்பா, வெளாசம் இருக்கா?” அந்த மூஞ்சிய நீங்க பாக்கணும். பதினொரு வருசமா அந்த மூஞ்சி எங்க இருந்துச்சுன்னு தெரியல. கல்யாணமான புதுசுல பாத்தது. அந்த மூஞ்சியப் பாத்து எரிச்சுட்டேன்னு எப்படிச் சொல்ல?

“வீட்டு பீரோவுல இருக்கு”ன்னேன்.

சொல்லிட்டேன். வாயி சொல்லிருச்சு.

உடனே எந்திரிச்சுட்டா. என்னத் தள்ளிவிட்டுட்டு, முன்னால நின்ன ஒரு வெள்ளக்காரி முதுகத் தொட்டுக்கிட்டே வரிசையில போனா. தாளெல்லாம் வேண்டாம்னுட்டா. அந்தக் கல்லுல ரெண்டு கையும் நெத்தியும் வச்சு நின்னா. பின்னால உள்ளவங்க காத்துக்கிட்டு இருக்காங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நா பக்கத்துல போயி நின்னேன். வேற ஒண்ணுமே கேக்கல தம்பி. “இஞ்ஞாசி, இஞ்ஞாசி”ன்னு பேர மட்டும் சொல்லுதா. வாயால சொல்லுதா, அவரு காதுல விழுறதுக்கு.

அங்க இருந்து இந்த நிமிசம் வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. ஸ்டேசன்ல ரொட்டி வாங்கிக் குடுத்தேன், வாங்கல. மாத்திரையக் குடுத்தேன், பக்கத்துல நின்ன ஒரு அம்மாகிட்ட காட்டி, தடவிப் பாத்து, அதுக்கப்புறம் போட்டா. சுகர் மாத்திரைய தம்பி! முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். போன்ல ஜெசிகிட்ட மட்டும் சொன்னா, ஊருக்குத் திரும்புற டிக்கெட்ட உடனே மாத்துன்னு. இந்த வாரத்துல போயாகணுமாம். ஜெசி என்னன்னு புரியாம எனக்குப் போன் மேல போன் போடுதா. நா எடுக்கல.

போயி பீரோவத் தொறக்கணும். சாவி அவகிட்ட குடுக்கணும். அவ ஒவ்வொரு தாளாத் தடவி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லுவா. வீட்டுவரி ரசீது, என் பென்சன் தாளு. எனக்கு அத நெனச்சா இங்கயே இறங்கிரலாம்னு இருக்கு. ஆனா நீங்களே சொல்லுங்க, இப்பப் போயி இல்லன்னு சொன்னா அவ தாங்குவாளா? அந்த நாலு வரிசையும் நடந்து போயி, குனிஞ்சு, காதுல சொல்லணும். ரயில் ஏறுனதுல இருந்து மூணு தடவ எந்திரிச்சுட்டேன். அப்படியே உக்காந்துட்டேன். அவ சந்தோசமா இருக்கா தம்பி. பாருங்க, எம்மேல அவ்வளவு கோவம், ஆனா உதடு என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கு. அவன்கிட்டப் பேசிக்கிட்டு வாறா.

வெரோனா ஸ்டேசனா இது? இல்ல, அது தாண்டிருச்சு போல.

என்ன? அவதான் கூப்பிடுதா. என்னையா? இல்ல, உங்களத்தான். தமிழுன்னு மட்டும் காதுல விழுந்திருக்கும், ரயில் சத்தத்துல என்ன பேச்சுன்னு தெரிஞ்சிருக்காது. “அங்க தமிழ் பேசுற தம்பி யாரு, இங்க கொஞ்சம் வரமுடியுமா”ங்கா. என்ன வேணுமாம்? எழுதத் தெரியுமான்னு கேக்கா. ஒரு கடுதாசி எழுதணுமாம், மகனுக்கு. இங்க இருந்தே எழுதி வச்சுக்கிட்டா ஊருல போயி உடனே தபால்ல போட்டுறலாமாம்.

போங்க தம்பி. தாள் அவகிட்ட இருக்கு. பேனா இந்தாங்க. வேண்டாமா? சரி, உங்ககிட்ட இருந்தா அதுலயே எழுதுங்க. ஒண்ணு மட்டும். அவ சொல்லுதத மட்டும் எழுதுங்க. ஒரு வார்த்த கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுதி முடிச்சு ரெண்டு தடவ அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

இன்னும் என்னமோ சொல்லுதா. கேக்குதா? மேல வெளாசத்துக்கு எடம் விட்டு எழுதணுமாம். வெளாசம் வீட்டுல பீரோவுல இருக்கு, போயிப் பாத்து எழுதிக்கிடலாம்ங்கா.

விடுங்க தம்பி. ரெண்டு விரக்கடை எடம் விட்டு எழுதுங்க.